திங்கட்கிழமை, முக்கூடல்

சனிக்கிழமை இரவு அழுதேன்.
எல்லோரும்தான் அழுதோம்.
பாளையங்கோட்டைத் தியான இல்லத்தில்
விளக்குகளை அணைத்துவிட்டு
கதிர்ப்பாத்திரத்தை எங்கள் நடுவே கொண்டுவந்தபோது
கித்தார் வாசித்துக்கொண்டிருந்த பெர்வினே
தந்தியை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.
இருட்டில் இருநூறு பேர் மூக்குறிஞ்சும் சத்தம்.
அதில் என்னுடையது எதுவென்று
ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறு மதியம் பிரியாணி.
சிவப்பு நூலில் கோத்த மரச்சிலுவை, ஆளுக்கொன்று.
"இனி மலையைவிட்டு இறங்குங்கள்" என்றார் சாமியார்.
பாளையங்கோட்டையில் ஏது மலை.
நான் பஸ் ஏறினேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு
முக்கூடலில் எனக்கு வசூல்.
ஒரு குழு, பதினாறு பெண்கள்,
வாரத் தவணை அறுநூற்று நாற்பது.
ஒருத்தி கட்டாவிட்டால் ஒருத்தியும் எழும்பக் கூடாது,
கம்பெனிச் சட்டம்.
வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.
மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும்.
கடன் உறுதிமொழி சொல்லும்போதும்
பீடி சுற்றும் விரல் நிற்காது.

போன வாரம்வரை நான் எப்படிப் பேசுவேனென்று
அவர்களுக்குத் தெரியும்.
"வீட்ல டிவி இருக்குல்லா, அத விக்கது" என்றவன்.
இதை ஒப்புரவில் சொல்லியிருந்தேன்.
என்ன வேலை என்று கேட்டார் சாமியார்.
சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மூன்று அருள்நிறை மரியே
சொல்லச் சொன்னார்.
அதைச் சொல்லி முடித்தாகிவிட்டது.

ஜெபக்கனி வரவில்லை.
எட்டு மணி. எட்டரை.
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள்
வந்து வந்து எட்டிப் பார்த்தன,
ஒன்றின் தலையில் பாதிச் சடை பின்னாமல் கிடந்தது.
போனில் மேனேஜர்:
"ஒருத்தரையும் எழுப்பி விட்றாதல."

தியானத்தில் கேள்விகள் அச்சடித்த தாளில் வந்தன.
பதில் எழுதக் கோடு போட்டிருந்தார்கள்.
கடைசிக் கேள்வியில்
'நான் எடுக்கும் தீர்மானம்' என்பதற்குக் கீழே
மூன்று கோடு.
மூன்றையும் நிரப்பியிருந்தேன், அழகான கையெழுத்தில்.

"போங்க" என்றேன்.
யாரும் அசையவில்லை. நம்பவில்லை.
"போங்கம்மா, புள்ளைகளுக்கு நேரமாகுதுல்லா."
சுளகுகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின.
எனக்குப் போட்டிருந்த நாற்காலியையும்
யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
தரையில் உட்கார்ந்தேன்.

ஒன்பதேகாலுக்கு வந்தாள்.
கடையில் கட்டுகளைக் கழித்துவிட்டானாம்,
இலை சரியில்லையாம்.
முந்தியை அவிழ்த்து எண்ணினாள், அறுநூறு.
"நாப்பது கொறையுதுய்யா."
என் கழுத்து நூலைப் பார்த்துவிட்டு,
"நீங்க ஆர்.சி.யா?" என்றாள்.
"ஒங்க ஜெபத்துல பாவம்னு வரும்.
எங்க கோயில்ல கடன்னே சொல்லுவோம்.
நெதமும் சொல்லுதோம்."
சிரித்தாளா, தெரியவில்லை.
நோட்டுகளில் புகையிலை நெடி.

நாற்பதை நான் போட்டேன்.
அற்புதமொன்றும் இல்லை,
மத்தியானச் சாப்பாட்டுக் காசு.
அடுத்த வாரம் இரண்டு பேருக்குக் குறைந்தது.
அதற்கடுத்த வாரம் ஐந்து.
என்னிடம் அத்தனை நாற்பது இல்லை.
ஒரு திங்கட்கிழமை கத்தியும்விட்டேன்.
கத்திக்கொண்டிருக்கும்போதே
மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது,
இந்த முறை ஒருத்தியுடையது மட்டும்.
வாயை மூடினேன்.
சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினேன்,
அவள் பார்த்துவிடக் கூடாதென்றா,
அது பார்த்துவிடக் கூடாதென்றா.

வியர்வையில் நூல் சாயம் விட்டுவிட்டது.
கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு கோடு.
வெள்ளைச் சட்டைக் காலரில் இன்னொன்று,
இரண்டு தடவை ஊறவைத்தும் போகவில்லை.

நேற்று பெர்வின் கூப்பிட்டான்.
பாப்பாக்குடி விலக்கில் வண்டியை ஓரங்கட்டினேன்.
"அந்தத் தீ இன்னும் எரியுதாலே?"
லாரி ஒன்று கடந்து போகும்வரை பேசாதிருந்தேன்.
"தெரியலடே" என்றேன்.
"காலர்ல கறை இருக்கு."
அவனுக்குக் கேட்கவில்லை போல.
அடுத்த மாதம் ஆராதனை இருக்கிறது, வா என்றான்.

என்னை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக
மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
ஜெபக்கனிக்கு
இன்னும் பதினோரு தவணை.